மலைப்பாதையில் மங்கிய கண்ணாடி

ஐப்பசி மாதம். மாலை ஐந்தரை மணி. திருமலையிலிருந்து கீழே இறங்கும் பழைய மலைப்பாதை. மழை விட்டுத் தூறலாகியிருந்தது. முன்னே ஒரு பஸ், அதன் பின்னே ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார். காருக்குள் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், அன்று காலையில்தான் முடி இறக்கிய மாமனார். ஒரு வளைவில் பஸ்ஸின் பின்சக்கரம் ஓரத்துக் குட்டையில் இறங்கி ஏறியது. குட்டையில் இருந்த செம்மண் சேறு அத்தனையும் பத்மினியின் முன்கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டது.

காரை ஓட்டியவர் வைப்பரைப் போட்டார். வைப்பர் சேற்றை எடுக்கவில்லை. தோசைக் கல்லில் மாவைத் தேய்ப்பதுபோல் கண்ணாடி முழுவதும் தேய்த்துவிட்டது. கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பொத்தானை அழுத்தினார். பானெட்டுக்குள் மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது. தண்ணீர் மட்டும் வரவில்லை. அடுத்த வளைவு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதே தெரியவில்லை. பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடிக்கிறது. ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, காரை அங்குலம் அங்குலமாக ஓரங்கட்டி நிறுத்தினார். மாமனார் தம்மிடமிருந்த குடிதண்ணீர்ப் பாட்டிலைக் கண்ணாடியில் ஊற்றித் தம் மேல்துண்டாலேயே துடைத்தார். எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

திருப்பதியில் வேலை பார்க்கும் தமிழ்க் குமாஸ்தா ஒருவருக்கு நேர்ந்தது இது. இதில் அவரை மிகவும் வருத்தியது எது தெரியுமா? ஆறு மாதத்துக்குள் அந்தப் பம்பை அவர் ஒரு முறை மாற்றியிருந்தார். அன்று காரில் இருந்தது புதுப் பம்ப்.

பாதையும் வண்டிகளும்

திருப்பதி மலைக்கு முதல் மோட்டார்ப் பாதை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மைசூரின் புகழ்பெற்ற என்ஜினீயர் சர் எம். விசுவேசுவரய்யாவின் யோசனைப்படி அமைந்த பாதை அது. சுமார் 19 கிலோமீட்டர் நீளம். கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 36 என்று கணக்குச் சொல்கிறார்கள். 1974-இல் இரண்டாவது பாதை வந்தபின், ஏறுவதற்குப் புதியது, இறங்குவதற்குப் பழையது என்று பிரித்துவிட்டார்கள். ஆக, வளைவுகள் அதிகமுள்ள பாதையில்தான் இறங்க வேண்டியிருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம் ஓயும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மலையில் மேகம் தரையோடு தவழும் நாட்கள் அவை.

இந்தப் பாதையில் இன்றைக்கு ஓடுபவை பெரும்பாலும் புதிய வண்டிகளே. ஆனாலும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பழைய கார்களைக் கைவிடாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்பா வாங்கியது, மாமனார் கொடுத்தது, ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசடர், பம்பாய் குர்லாவில் பியட் என்ற பெயரில் பிறந்து எழுபதுகளில் பத்மினியாகப் பெயர் மாறிய கார், நம் சென்னையிலேயே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1983 டிசம்பரில் வந்து இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டிய மாருதி 800. அந்த மாருதியே இன்று பழைய காராகிவிட்டது. அதன் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோயிற்று.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் என்ஜினைப் பார்ப்பார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள், பெயிண்டை இரண்டு முறை பார்ப்பார்கள். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பம்ப் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. வைப்பர் ஓடாவிட்டால் எஃப்.சி.யில் பிடித்துக்கொள்வார்கள், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101-ஆவது விதி, மின்சாரம் போன்ற விசையால் இயங்கும் வைப்பர் வேண்டும் என்று சொல்கிறது. பம்பை அழுத்திப் பார்ப்பவர் குறைவு. ஆனால் தண்ணீர் இல்லாத வைப்பர், சேறு விழுந்த கண்ணாடியில் உதவி செய்வதில்லை, கெடுதல் செய்கிறது. மணல் துகளை ரப்பரின் கீழ் வைத்து இழுத்தால் கண்ணாடியில் கோடு விழும். பகலில் அது தெரியாது. இரவில் எதிரே லாரி விளக்குப் போட்டால் ஒவ்வொரு கோடும் ஒரு மின்னல். பழைய மாடல்களுக்கு நல்ல முன்கண்ணாடி கிடைப்பது இன்று எளிதல்ல என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஸ்டெப்னியில் இருந்து தண்ணீர்

கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903-இலேயே அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்றார். பனி கொட்டும் நாளில் நியூயார்க்கில் டிராம் வண்டி ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை தோன்றியதாம். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பினால் வெளியே துடைப்பான் நகரும். துடைப்பதற்கு முன் நனைக்க வேண்டும் என்ற ஞானம் மோட்டார் உலகத்துக்குப் பல வருஷம் கழித்தே வந்தது.

வந்தபிறகு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி செய்தது. பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதைக் கையால் அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்னப் பிஸ்டனோ ரப்பர்ப் பையோ தண்ணீரைத் தள்ளும். நாம் ஹோலிக்குப் பீச்சும் பிச்சுக்காரி இனம்தான். ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் பீட்டில் கார் செய்த வேடிக்கையைக் கேளுங்கள்: ஸ்டெப்னி டயரில் இருக்கும் காற்றைக் குழாய் வைத்து எடுத்து, அந்த அழுத்தத்தில் தண்ணீரைப் பீச்சியது. டயரில் காற்று ஓர் அளவுக்குக் கீழே போனால் வால்வு மூடிக்கொள்ளும். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, எரிந்துபோக எதுவும் இல்லை. ஸ்டெப்னிக்குக் காற்றடிக்க மறந்தால் கண்ணாடிக்குத் தண்ணீர் கிடையாது, அவ்வளவே.

அதன்பின் 12 வோல்ட் மின்சாரப் பம்ப் வந்தது. தண்ணீர்ப் பாட்டில் மூடியின்மேல் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மோட்டார். அதிலிருந்து ஒரு தண்டு பாட்டிலின் அடிவரை இறங்கும். தண்டின் முனையில் தண்ணீருக்குள் சுழலும் சிறு விசிறி. இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி இந்த வகையைப் பிரபலமாக்கியது. மேற்படி லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் கூட்டாக 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை சென்னை பாடியில் இருப்பது நம்மவர் பலருக்குத் தெரியும். பின்னால் வந்த மாருதி போன்ற வண்டிகளில் மோட்டார் மேலேயிருந்து இறங்கி, பாட்டிலின் அடிப்பக்கத்தில் ரப்பர் வளையத்தில் செருகி நின்றது. மேலே இருந்தது கீழே வந்தது ஒரு சிறு மாற்றமாகத் தெரியலாம். நம் குமாஸ்தாவின் கஷ்டத்துக்குக் காரணம் அதிலேதான் இருந்தது.

சித்தூர்ப் பட்டறையில்

அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரைச் சித்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே வேலூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, பழைய கார் வேலையிலேயே தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பட்டறை என்றால் ஒரு புளியமரம், ஒரு தகரக் கொட்டகை, நான்கு அம்பாசடர் எலும்புக்கூடு. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அண்ணே, இந்தப் பம்பும் போயிடுச்சி. மூணாவது ஒண்ணு வாங்கணும்னு நெனைக்கிறேன். எது நல்ல கம்பெனி?" என்றார் வந்தவர்.

"வாங்கலாம் தம்பி. மொதல்ல பட்டனை அழுத்து" என்றார் மெக்கானிக். காதைக் கொடுத்துக் கேட்டார். "மோட்டார் சுத்துதே. சுத்துற மோட்டாரை எதுக்குத் தூக்கிப் போடறே?"

பானெட்டைத் திறந்தார். புதுப் பம்ப் பாட்டிலுக்கு அரை அடி உயரத்தில், மட்கார்டில் ஸ்க்ரூ போட்டு அழகாக மாட்டப்பட்டிருந்தது. மாட்டியவர் கை சுத்தமான கை. ஆனால் இடம் தப்பு.

இந்த வகைப் பம்ப் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும். காற்றை இழுக்கத் தெரியாது. கிணற்று மேட்டில் பம்ப் செட் வைத்த விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபுட் வால்வ் சரியாக மூடாமல் தண்ணீர் இறங்கிப் போனால், காலையில் மோட்டாரைப் போட்டதும் வெறும் இரைச்சல்தான் வரும். சாணித் தண்ணீர் கரைத்து ஊற்றி, காற்றை வெளியேற்றினால்தான் இழுக்கும். கார் பம்பும் அதே ஜாதி. பாட்டிலின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் தானாகவே வந்து அதை நிரப்பும். மேலே வைத்தால், மாட்டிய அன்று வாயால் உறிஞ்சி விட்டதில் ஓடும். ராத்திரி தண்ணீர் பாட்டிலுக்கே திரும்பிவிடும். மறுநாள் சத்தம் மட்டும். கடையில் ஓட்டிக் காட்டியபோது தண்ணீர் அடித்ததும், மலைப்பாதையில் அடிக்காததும் இதனால்தான்.

"சரி, பழைய பம்ப் என்ன ஆச்சு?"

"அது டிக்கியில கெடக்குதுண்ணே. அது செத்துப்போச்சு."

மெக்கானிக் அதை எடுத்தார். ஒரு பக்கெட்டில் தண்ணீர். பாட்டரியிலிருந்து இரண்டு ஒயர். தண்டை இரண்டு விரலால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விசிறி முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி ஒயரைத் தொட்டார். ஐந்தடி தூரத்துக்குத் தண்ணீர் பீச்சியடித்தது. குமாஸ்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. சில நூறு ரூபாய் பெரிய தொகை இல்லை என்பது மாதச் சம்பளக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை.

அப்படியானால் நல்ல பம்ப் ஏன் தண்ணீர் தரவில்லை? மெக்கானிக் இரண்டு கேள்வி கேட்டார். பாட்டிலை நிறைய ஊற்றினால் சீக்கிரம் நின்றதா, பாதி ஊற்றினால் கொஞ்சம் கூடுதலாக அடித்ததா? ஆமாம். வெயிலில் ஓட்டி நிறுத்தினால் அழுத்தாமலே தண்ணீர் ஒழுகியதா? ஆமாம், அதுவும் நடந்தது. உடனே பாட்டில் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். மூடியில் இருக்க வேண்டிய ஊசித்துளையை யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள்.

யாரோ இல்லை, குமாஸ்தாவேதான். மலைப்பாதை வளைவுகளில் அந்தத் துளை வழியே தண்ணீர் தெறித்து பாட்டரிமேல் விழுகிறதென்று நல்ல எண்ணத்தில் அடைத்தார். பாட்டிலில் இருந்து தண்ணீர் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் தள்ளப் பார்க்கும் தண்ணீரை அது பின்னுக்கு இழுக்கும். நிறைய ஊற்றிய பாட்டிலில் காற்றுக்கு இடம் குறைவு. ஆகவே இரண்டு பீச்சில் நின்றுவிடும். வெயிலிலோ இதற்கு நேர்மாறு. உள்ளே காற்று சூடேறி விரிந்து, தண்ணீரைத் தானே வெளியே தள்ளும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் குபுக் குபுக் என்று வருவதும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றுவதும் வீட்டிலுள்ள பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சத்தத்தை வைத்துப் பார்ப்பது

பழைய காரின் தண்ணீர்ப் பம்பில் கோளாறு என்றால் முதல் கருவி காதுதான். அழுத்தும்போது சத்தம் இருக்கிறதா, இல்லையா?

சத்தம் இருந்து தண்ணீர் இல்லையென்றால் மின்சாரத்தை மறந்துவிடலாம். பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வெட்கப்படக்கூடாது. அதன்பின் கண்ணாடிப் பக்கத்து முனையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். ஜெட்டிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள். குழாயில் தண்ணீர் வந்தால் அடைப்பு ஜெட்டில். வராவிட்டால் இன்னும் பின்னால் போய், பம்பின் வாயிலேயே குழாயைக் கழற்றிப் பாருங்கள். அங்கே தண்ணீர் வந்தால் இடையிலுள்ள குழாய் மடங்கியிருக்கும், வெடித்திருக்கும், அல்லது 'டி' இணைப்பில் கழன்றிருக்கும். அங்கும் வராவிட்டால் பாட்டிலின் அடியில் இருக்கும் சல்லடையில் பாசி, அல்லது மூடித்துளை அடைப்பு, அல்லது விசிறி தண்டிலிருந்து நழுவிச் சும்மா இருப்பது.

ஒவ்வொரு முறையும் முதல் சில விநாடி வெறும் காற்று வந்து, பிறகு தண்ணீர் வந்தால் அது திரும்பிப் போகாமல் தடுக்கும் சிறு வால்வின் கோளாறு. அந்த மாடலுக்கு உரியது கிடைக்காவிட்டால் வண்ணமீன் தொட்டிக்கு வைக்கும் வால்வை வாங்கிப் பொருத்துகிறவர்கள் உண்டு. அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்துப் போட வேண்டும். குழாய்க்குச் சிலர் ஆஸ்பத்திரி டிரிப் டியூபைப் போடுகிறார்கள். என்ஜின் சூட்டில் அது சீக்கிரமே விறைத்து வெடிக்கும். வயது போன குழாயின் இணைப்புகளில் சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு வெட்டி மாட்டுவது நம் ஊர் வைத்தியம். அது பழுதில்லை என்கிறார் சித்தூர் மெக்கானிக்.

சத்தமே இல்லையென்றால் வேறு வழி. பியூஸைக் கழற்றிப் பார்த்தால் மட்டும் போதாது, அதன் இரண்டு முனையையும் பியூஸ் உட்காரும் தகட்டையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்தது எர்த். பழைய வண்டியில் மின்சாரக் கோளாறில் பாதி, பாடியில் எர்த் ஒயர் ஸ்க்ரூ போட்ட இடத்தின் துருவில் இருக்கிறது. அதற்கும் அடுத்துத்தான் டெஸ்ட் லாம்ப்.

இந்த இடத்தில் அனுபவசாலிகளே ஏமாறும் ஒரு கண்ணி இருக்கிறது. சில வண்டிகளில் சுவிட்ச் மின்சாரம் வரும் பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் எர்த் பக்கத்தில் இருக்கும். எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள வண்டியில், சாவியைப் போட்டாலே பம்பின் இரண்டு முனையிலும் டெஸ்ட் லாம்ப் எரியும். மோட்டார் சுருள் வழியாக மின்சாரம் மறுமுனைக்கும் வந்து நிற்பதுதான் காரணம். "ரெண்டு பக்கமும் கரண்ட் வருது, மோட்டார் அவுட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பாடிக்கும் முனைக்கும் இடையே வைத்துப் பார்ப்பதை விட்டு, பம்பின் இரண்டு முனைகளுக்கு இடையில் லாம்பை வைத்து, ஒருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். எரிந்தால் மின்சாரம் சரி, மோட்டாரைப் பார்க்கலாம். எரியாவிட்டால் சுவிட்சும் எர்த்தும் குற்றவாளிகள்.

மோட்டாருக்கே நேராக பாட்டரி கொடுத்தும் அசையவில்லை என்றாலும் அது செத்ததாக அர்த்தமில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் தண்டு உப்புப் பிடித்து இறுகியிருக்கும். விரலால் சுழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பிரிக்கக்கூடிய பழைய வகையானால் கார்பன் பிரஷ்ஷையும், அது உரசும் செம்பு வளையத்தையும் மெல்லிய எமரித் தாளில் துடைத்தால் பல மோட்டார்கள் உயிர் பெறும். சீல் வைத்து ஒட்டிய இன்றைய பிளாஸ்டிக் பம்ப்களுக்கு அந்த வைத்தியம் இல்லை. தூக்கிப் போட வேண்டியதுதான். மேலும் எந்தப் பம்பையும் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கக்கூடாது. அதற்குக் குளிர்ச்சியும் மசகும் தண்ணீர்தான்.

பிளஸ், மைனஸ் மாறினாலும் கெடுதி உண்டு. உள்ளே நிலைக்காந்தம் உள்ள மோட்டார் ஆதலால் ஒயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் சரியாக இருக்கும், தண்ணீர் அழுது வடியும். மிகப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாடியில் சேர்ந்திருப்பது பிளஸ். அவற்றில் இன்றைய பம்பை ஒயர் நிறத்தை மட்டும் நம்பிப் போட்டவர்கள் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். ஆல்டர்னேட்டருக்கு முந்திய டைனமோ வண்டிகளில் இன்னொரு பலவீனம்: மலைப்பாதை நெரிசலில் ஊர்ந்து செல்கையில் டைனமோ சரியாகச் சார்ஜ் தராது. விளக்கும் வைப்பரும் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்புக்கு மிஞ்சுவது களைத்துப்போன வோல்டேஜ்தான். அங்கே பாட்டரியும் எர்த்தும் சுத்தமாக இல்லாவிட்டால் எந்தப் பம்பும் முனகும்.

நம்மூர்த் தண்ணீர்

இந்த வட்டாரத்தின் போர் தண்ணீரைப் பற்றி இங்கு குடியிருக்கும் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெந்நீர் அண்டாவின் அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படிவம் ஏறுகிறதல்லவா? அதே படிவம் பாட்டிலிலும், குழாயிலும், எல்லாவற்றையும்விட ஜெட்டின் கண்ணிலும் ஏறுகிறது. ஜெட்டின் துளை குண்டூசி முனை அளவுதான். அது அடைபட எத்தனை நாள் ஆகும்? அடைத்த ஜெட்டைக் கழற்றி ஒரு இரவு வினிகரில் ஊறப்போட்டால் படிவம் கரைந்துவிடும். பிறகு மெல்லிய கம்பியை விட்டு எடுத்து, துளைக்கு உள்பக்கத்திலிருந்து வெளியே போகும்படி காற்று ஊத வேண்டும். கம்பி பருமனாக இருந்தால் துளை பெரிதாகி, பீச்சு போய் ஒழுகல் வரும்.

மழைத்தண்ணீரைப் பிடித்து வடிகட்டி ஊற்றுவது உத்தமம்; பாட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரும் ஆகும். துணி சோப்புத் தூள் கூடவே கூடாது. நுரை கண்ணாடியை மறைப்பதோடு, கரையாத தூள் சல்லடையில் போய்த் தங்கும், பெயிண்டையும் கெடுக்கும். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாதிருக்க ஆல்கஹால் கலக்கிறார்கள். சித்தூர் வெயிலுக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே கவலை பாசிதான். வெயில் படும் வெள்ளைப் பாட்டிலில் பழைய தண்ணீர் நின்றால் பச்சை படரும். பூச்சிகள் கண்ணாடியில் மோதிச் சாகும் மாம்பழக் காலத்தில் இரவு ஓட்டுகிறவர்கள், புறப்படுமுன் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டால் பம்புக்குப் பாதி வேலை மிச்சம்.

பழைய காருக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஐம்பது வயது தாண்டிய, வியாபாரத்துக்கு ஓடாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. நம்பர் பலகையில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் வாங்கிய அம்பாசடரும் ஹெரால்டும் இன்று அந்த வயதை எட்டிவிட்டன. கோயம்புத்தூரில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போனால், நம் தாத்தாக்கள் ஏறிப்போன வண்டிகளைத் துடைத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நிற்கும் காருக்குக் கண்ணாடி மங்குவதில்லை. மலைப்பாதையில் ஓடும் காருக்குத்தான் மங்குகிறது.

சித்தூர் மெக்கானிக் அன்று எம்-சீலைச் சுரண்டி எடுத்தார். தெறிக்கும் என்ற கவலைக்கு, துளையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிறு குழாயைச் செருகி, மேலே வளைத்து, பாட்டரிக்கு எட்டாத பக்கமாகக் கட்டிவிட்டார். காற்று உள்ளே போகும், தண்ணீர் வெளியே தெறிக்காது. பழைய பம்ப் மீண்டும் பாட்டில் மூடியில் ஏறியது. புதுப் பம்பைக் காகிதத்தில் சுற்றிக் குமாஸ்தா கையில் கொடுத்து, "இதுவும் நல்ல பம்புதான். உன் மாமனாரு மாருதி வாங்கினா பாட்டிலுக்கு அடியில மாட்டு" என்றார். கூலியாக அவர் வாங்கியது ஒரு டீயும், டெஸ்ட் லாம்புக்கு ஒரு புது பல்பும்.

கார்த்திகையில் அவர்கள் மறுபடி மலைக்குப் போனார்கள். அலிபிரிச் சாவடியில் வரிசையில் நிற்கும்போதே குமாஸ்தா பொத்தானை அழுத்திப் பார்த்தார். வலப்பக்கத்துப் பீச்சு கண்ணாடியின் நடுவில் சரியாக விழுந்தது. இடப்பக்கத்தது கண்ணாடியைத் தாண்டிக் கூரையில் விழுந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமனாரின் தலையை நனைத்தது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. மேல்துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மருமகளாக வந்த தன் மகளிடம் ஒரு தையல் ஊசி கேட்டார். இறங்கிப் போய் ஜெட்டின் கண்ணில் ஊசி முனையை வைத்து, மயிரிழை அளவு கீழே திருப்பினார். வரிசை நகர்ந்தது.